ஒரு மணி நேரம் என்ன விலை?

2019 ஜூலைக்குப் பிறகு இந்தியாவில் தயாரான காராக இருந்தால், மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டியதும் டாஷ்போர்டுக்குள்ளிருந்து 'பீப்' என்று ஒரு சத்தம் வரும். கொஞ்சம் விட்டு மறுபடி வரும். 120-ஐத் தாண்டிவிட்டால் விடாமல் கத்தத் தொடங்கும். பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தை முழித்துக்கொள்ளும். முன்சீட்டில் இருப்பவர், "எதுக்குங்க இவ்வளவு வேகம்?" என்பார். விபத்தைக் குறைப்பதற்காக அரசு கட்டாயமாக்கிய ஏற்பாடு இது. பெட்ரோல் செலவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அந்த 80, 120 என்ற இரண்டு எண்களும் இந்த அத்தியாயத்துக்கு மிகவும் வசதியானவை. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் வண்டியின் பெட்ரோல் கணக்கு தலைகீழாக மாறுகிறது.

வேகமாகப் போனால் பெட்ரோல் அதிகம் குடிக்கும் என்பது வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு அதிகம், எதனால், அந்தக் கூடுதல் செலவுக்குக் கைக்கு வந்த நேரம் எவ்வளவு என்று கேட்டால்தான் தடுமாறுவோம். கணக்கு ஒன்றும் பெரிதல்ல. பத்தாம் வகுப்பு இயற்பியல் போதும்.

நடுத்தரமான ஒரு பெட்ரோல் காரை எடுத்துக்கொள்வோம். நாலு பேர் உட்கார்ந்தால் எல்லாம் சேர்த்து 1,300 கிலோ. சமதளமான சாலை, சீரான வேகம். இந்த வண்டியைப் பின்னுக்கு இழுப்பவை இரண்டே இரண்டு. ஒன்று டயர். ரப்பர் தரையில் அழுந்தி, நசுங்கி, மறுபடி விரிந்துகொண்டே உருளுகிறது. ஒவ்வொரு நசுங்கலிலும் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகப் போய்விடும். நல்ல தார்ச்சாலையில், காற்று சரியாக அடித்த டயரில், இந்த இழுவை வண்டி எடையில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும். நம் வண்டிக்கு சுமார் 130 நியூட்டன். வேகம் 40 ஆனாலும் 100 ஆனாலும் இது பெரிதாக மாறாது.

இன்னொன்று காற்று. இதன் குணம் வேறு. வேகம் இரண்டு மடங்கானால் எதிரே மோதும் காற்றின் அளவும் இரண்டு மடங்கு, அது மோதும் வேகமும் இரண்டு மடங்கு. ஆகவே எதிர்ப்பு நாலு மடங்காகும். நம் காருக்கு மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் காற்றின் எதிர்ப்பு ஏறத்தாழ 50 நியூட்டன்தான். 80-இல் அது 200. 100-இல் 310. 120-இல் 450. 40-இன் வேகத்தை இரட்டித்ததற்கு நாலு மடங்கு, மும்மடங்காக்கியதற்கு ஒன்பது மடங்கு.

450 நியூட்டன் என்பது எவ்வளவு என்று கைக்குத் தெரிய வேண்டுமானால், கிணற்றுக் கப்பியில் கயிறு போட்டு, மறுமுனையில் 25 கிலோ அரிசி மூட்டை இரண்டைக் கட்டி இழுத்துப் பாருங்கள். அதைவிடக் கொஞ்சம் குறைவான பாரம். மணிக்கு 120-இல் போகும் வண்டி, இப்படி ஒரு பாரத்தைக் காற்றுக்காக மட்டும் போகிற வழியெல்லாம் இழுத்துக்கொண்டு போகிறது.

40-இல் போகும்போது டயர்தான் பெரிய எதிரி. 65-ஐ ஒட்டி இரண்டும் சமமாகின்றன. அதற்கு மேல் காற்றின் ராஜ்ஜியம்தான். நகரத்துக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம், நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு மேலே கட்டிய கேரியரைக் கழற்றி வைப்பது முக்கியம் என்பதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகிறவர்களுக்கு இதை நேராகக் காட்டும் இடம் ஒன்று உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து புகுந்து வரும் ஆடிக்காற்று, முப்பந்தல் பக்கம் நூற்றுக்கணக்கான காற்றாலைகளைச் சுழற்றுகிறது. தெற்கு நோக்கிப் போகிற வண்டிகளுக்கு அது பெரும்பாலும் எதிர்க்காற்று. 80-இல் போய்க்கொண்டிருக்கிறீர்கள், எதிரே 40 கி.மீ. வேகத்தில் காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டியைப் பொறுத்தவரை அது 120 கி.மீ. வேகக் காற்று. எதிர்ப்பு 450 நியூட்டன். 120-இல் போனால் ஆகிற செலவு ஆகும், ஊர் போய்ச் சேருவது மட்டும் 80-இன் நேரத்தில்தான். "இந்தப் பக்கம் வந்தாலே வண்டி இழுக்க மாட்டேங்குது சார்" என்று டிரைவர் சொன்னால் மெக்கானிக்கிடம் ஓட வேண்டாம். வெளியே பார்த்தால் காரணம் மூன்று இறக்கைகளோடு சுற்றிக்கொண்டிருக்கும்.

இனி பெட்ரோல். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. 80-இல் போகும் நம் வண்டிக்கு டயரும் காற்றும் சேர்ந்து 330 நியூட்டன் எதிர்ப்பு. ஒரு கிலோமீட்டர் போக 0.33 மெகாஜூல் போதும். வகுத்துப் பாருங்கள்: லிட்டருக்கு 97 கிலோமீட்டர் வர வேண்டும்! வராது. உள்ளே எரியும் பெட்ரோலில் ஏறத்தாழ முக்கால் பங்கு ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெறும் சூடாக வெளியேறிவிடுகிறது. மிச்சத்தில் ஏசிக்கும் ஒரு பங்கு. எல்லாம் போக லிட்டருக்கு 20 கி.மீ. வரும். அதே வண்டியை 100-இல் ஓட்டினால் 17. 120-இல் 14. கீழே இறங்கி 60-இல் ஓட்டினால் 22. இவை நான் போட்ட காகிதக் கணக்கு. உங்கள் வண்டியில் ஒன்றிரண்டு கூடும், குறையும். ஆனால் இறங்குகிற விதம் இப்படித்தான் இருக்கும்.

60-இல் 22 என்றால் 20-இல் 30 வருமா? இங்கேதான் பலர் ஏமாறுவது. வராது. 10, 12 வந்தாலே பெரிது. ஏனென்றால் வண்டிக்கு இரண்டு வகைச் செலவு உண்டு. ஒன்று தூரத்துக்கு ஆகிற செலவு, இன்னொன்று நேரத்துக்கு ஆகிற செலவு. சிக்னலில் நிற்கும் கார் ஒரு அடிகூட நகராமல் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடித்துக்கொண்டுதான் இருக்கும். இன்ஜின் தன்னைத் தானே சுழற்றிக்கொள்ள, ஆல்டர்னேட்டரைச் சுழற்ற, ஏசி கம்ப்ரஸரை ஓட்ட என்று அதற்குக் கடிகாரத்தைப் பார்த்துச் செலவு. ஏசி ஒன்றரை கிலோவாட் எடுக்கிறது என்று வைத்தால், 120-இல் போகும்போது அது வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் 45 நியூட்டன் விசைக்குச் சமம். கண்டுகொள்ள வேண்டியதில்லை. 20-இல் ஊர்ந்தால் அதே ஏசி 270 நியூட்டன்! டயரையும் காற்றையும் சேர்த்தாலும் அவ்வளவு வராது. அண்ணா சாலையில் மாலை ஆறு மணிக்கு உங்கள் பெட்ரோலில் பெரும்பங்கு, வண்டியை நகர்த்துவதற்காக எரிவதில்லை.

பெட்ரோல் இன்ஜினுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. ஆக்சிலேட்டரை லேசாக மிதிக்கும்போது, காற்று உள்ளே போகும் குழாயில் ஒரு தகடு முக்கால்வாசி மூடியே இருக்கும். அந்தச் சின்ன இடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்சவே இன்ஜின் மூச்சு வாங்குகிறது. கொஞ்சம் பாரம் கொடுத்தால் தகடு திறக்கும், இன்ஜினின் திறனும் ஏறும். குறைந்த வேகத்தில் டாப் கியரில் ஓட்டச் சொல்வது இதனால்தான். இன்ஜின் திணறாத வரை. டீசல் இன்ஜினில் பாரத்தைக் கட்டுப்படுத்துவது இந்தத் தகடு இல்லை. டிராஃபிக்கில் டீசல் வண்டி கொஞ்சம் நிதானமாகக் குடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக, மைலேஜ் கோடு மலை போல ஏறி இறங்கும். ரொம்ப மெதுவாகப் போனால் நேரச் செலவு தின்றுவிடும், ரொம்ப வேகமாகப் போனால் காற்று தின்றுவிடும். உச்சி பெரும்பாலான கார்களுக்கு 50-க்கும் 80-க்கும் நடுவில் எங்கோ இருக்கும். பழைய பைக்குகள் சிலவற்றின் மீட்டரில் 40-லிருந்து 50 வரை 'எகானமி' என்று ஒரு பட்டை போட்டிருப்பார்கள், ஞாபகம் இருக்கலாம். மத்திய அரசின் பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சி அமைப்பு கார்களுக்கு 45 முதல் 55 வரை என்று வெகுகாலமாகச் சொல்லி வருகிறது. சொல்வது சரிதான். ஆனால் சென்னையிலிருந்து மதுரைக்கு 50-இல் போகிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை. மைலேஜ் மட்டுமே பயணத்தின் கணக்கு இல்லை என்பது மக்களுக்குத் தெரியும்.

அந்தச் சென்னை – மதுரையையே எடுத்துக்கொள்வோம். 460 கி.மீ. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய். சுங்கச்சாவடி, டீ, விழுப்புரத்து இட்லி எல்லாவற்றையும் மறந்துவிட்டு, ஒரே வேகத்தில் போவதாகக் கற்பனை செய்வோம். 60-இல் போனால் 7 மணி 40 நிமிடம், 2,100 ரூபாய். 80-இல் 5 மணி 45 நிமிடம், 2,300 ரூபாய். 100-இல் 4 மணி 36 நிமிடம், 2,700 ரூபாய். 120-இல் 3 மணி 50 நிமிடம், 3,300 ரூபாய். 120 நம் நாலு வழிச் சாலைகளில் அனுமதி இல்லாத வேகம். விடியற்காலையில் எத்தனை பேர் அதைச் சட்டை செய்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இந்த எண்களைச் செலவாகப் பார்க்காமல் வியாபாரமாகப் பாருங்கள். வேகத்தைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் பெட்ரோலைக் கொடுத்து நேரத்தை வாங்குகிறோம். 60-லிருந்து 80-க்கு ஏறியவர் 200 ரூபாய் கொடுத்து ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தை வாங்கியிருக்கிறார். மணிக்கு 100 ரூபாய்ச் சொச்சம். மலிவு. 80-லிருந்து 100-க்கு ஏறியவர் 400 ரூபாய் கொடுத்து 69 நிமிடம் வாங்கியிருக்கிறார். மணிக்கு 350. 100-லிருந்து 120-க்கு ஏறியவருக்கு 600 ரூபாய்க்கு வெறும் 46 நிமிடம் கிடைத்திருக்கிறது. மணிக்கு 780 ரூபாய்! கடைக்காரர் ஒரே ஆள், சரக்கும் ஒன்று. அடுத்தடுத்து வாங்க வாங்க விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறுகிறது, தராசில் விழுவதோ குறைந்துகொண்டே வருகிறது.

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நெருக்குவதால்தான் இப்படி. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறுகிறது, அது ஒரு பக்கம். மிச்சமாகும் நேரம் வேகம் கூடக்கூடச் சுருங்குகிறது, அது மறுபக்கம். 460 கி.மீ. தூரத்தில் 80-லிருந்து 90-க்கு ஏறினால் 38 நிமிடம் மிச்சம். 90-லிருந்து 100-க்கு 31. அடுத்த பத்துக்கு 25. அதற்கடுத்த பத்துக்கு 21. ஸ்பீடோமீட்டரில் ஒவ்வொரு பத்தும் ஒரே இடைவெளியில் அச்சடித்திருப்பதால் ஒவ்வொரு பத்துக்கும் ஒரே பலன் என்று நம் மூளை எடுத்துக்கொள்கிறது.

அதே மீட்டர் காட்டாத இன்னொன்று சராசரி. 100-இல் சீராகப் போகிறவர் ஒருவர். பாதி நேரம் 80, பாதி நேரம் 120 என்று மாறி மாறி ஓட்டுகிறவர் இன்னொருவர். இருவரும் ஒரே நேரத்தில் மதுரை போய்ச் சேருவார்கள். ஆனால் இரண்டாமவரின் வண்டி காற்றையும் டயரையும் எதிர்த்து ஏறத்தாழ 9 சதவீதம் கூடுதலாக உழைத்திருக்கும். 120-இல் இழந்ததை 80-இல் மீட்க முடியாது. அது போக, அவர் பிரேக் போட்ட கணக்கு தனி. 100-இல் வரும் 1,300 கிலோ வண்டிக்குள் 500 கிலோஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. ஊர் வருகிறது, பேரிகேட் வைத்திருக்கிறார்கள், பிரேக்கை அழுத்தி நிறுத்துகிறீர்கள். அந்த 500 கிலோஜூலும் பிரேக் டிஸ்க்கில் சூடாகிப் போச்சு. மறுபடி 100-க்கு ஏற சுமார் 60 மில்லி பெட்ரோல், 6 ரூபாய். தூரத்தில் பேரிகேட் தெரிந்ததுமே காலை எடுத்துவிட்டு வண்டியை அதன் போக்கில் உருளவிடுகிற பழைய டிரைவர்களை நாம் மந்தமானவர்கள் என்று நினைத்திருப்போம். அவர்கள் அந்த 500 கிலோஜூலை வைத்தே கடைசி அரை கிலோமீட்டரை ஓட்டிவிடுகிறார்கள்.

வேகத்துக்கும் எண்ணெய்க்கும் உள்ள இந்த உறவை ஒரு நாடே சட்டமாக்கிப் பார்த்த கதை ஒன்று இருக்கிறது. 1973 அக்டோபரில் அரபு – இஸ்ரேல் போர் மூண்டது. இஸ்ரேலுக்கு ஆயுதம் கொடுத்த அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்ப மாட்டோம் என்று அரபு நாடுகள் நிறுத்தின. பீப்பாய் 3 டாலரை ஒட்டி விற்ற எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரைத் தொட்டது. அமெரிக்க பெட்ரோல் பங்குகளில் மைல் கணக்கில் வரிசை. 1974 ஜனவரி 2 அன்று அதிபர் நிக்ஸன் கையெழுத்திட்ட சட்டம், நாடு முழுவதும் மணிக்கு 55 மைலுக்கு மேல் வண்டி ஓட்டக் கூடாது என்றது. நம் கணக்கில் 88 கி.மீ.க்குச் சற்று மேல். வேக வரம்பு மாநிலங்களின் அதிகாரம் என்பதால் வாஷிங்டனால் நேரடியாக உத்தரவிட முடியவில்லை. ஒப்புக்கொள்ளாத மாநிலத்துக்கு நெடுஞ்சாலைப் பணம் கிடையாது என்று கயிற்றை இறுக்கினார்கள். எல்லா மாநிலமும் பணிந்தது.

முதலில் கொதித்தவர்கள் லாரிக்காரர்கள். சட்டம் வருவதற்கு முன்பே, 1973 டிசம்பரில், சொந்த லாரி வைத்து ஓட்டியவர்கள் நெடுஞ்சாலைகளில் லாரிகளைக் குறுக்கே நிறுத்தி மறியல் செய்தார்கள். டீசல் விலை ஒரு பக்கம், தட்டுப்பாடு ஒரு பக்கம், வேக வரம்பு ஒரு பக்கம். அவர்களுக்கு மைலுக்கு இவ்வளவு என்று கூலி. மெதுவாகப் போனால் டீசல் மிச்சமாகலாம், ஆனால் ஒரு நாளில் ஓடும் மைல் குறையும், கூலி குறையும். மேலே சென்னை – மதுரையில் போட்ட கணக்கைத்தான் அவர்கள் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து போட்டார்கள். அவர்களுக்கு ஒரு மணி நேரத்தின் விலை டீசலைவிட அதிகம். வரம்பு வந்த பிறகு, போலீஸ் எங்கே மறைந்து நிற்கிறது, எந்த பங்கில் டீசல் கிடைக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள சிறு வானொலிக் கருவிகளை வாங்கி மாட்டிக்கொண்டார்கள். அதுவே பிறகு நாடு தழுவிய மோகமாயிற்று.

மான்டானா மாநிலம் செய்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஆளில்லாத நீண்ட சாலைகள் உள்ள ஊர். அங்கே பகலில் 55-ஐத் தாண்டினால் அபராதம் 5 டாலர். அதுவும் வேகமாகப் போன குற்றத்துக்கு அல்ல, தட்டுப்பாடான எரிபொருளை வீணாக்கிய குற்றத்துக்கு! கிண்டலாகச் செய்தார்களோ என்னவோ, இயற்பியல்படி அந்த ரசீதில் எழுதியதுதான் சரி.

எண்ணெய் எவ்வளவு மிச்சமாயிற்று? எதிர்பார்த்ததைவிடக் குறைவு. நாட்டின் மொத்தப் பயன்பாட்டில் ஒரு சதவீதத்தைச் சுற்றியே மதிப்பீடுகள் நின்றன. காரணம் எளிது. ஓடுகிற மைல்களில் பெரும்பகுதி 55-ஐ எட்டவே முடியாத ஊர்ச் சாலைகளில் ஓடியவை. எட்ட முடிந்த இடங்களில் பலர் வரம்பை மதிக்கவில்லை. வேறொரு கணக்குதான் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. 1973-இல் சாலை விபத்துகளில் 54,000 பேர் இறந்திருந்தார்கள், 1974-இல் 45,000. மக்கள் வண்டியை வெளியே எடுத்ததே குறைந்ததும் இதில் சேரும். ஆனாலும் பத்தாண்டு கழித்து, 1984-இல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகம் ஆராய்ந்து, இந்த வரம்பால் ஆண்டுக்கு 2,000 முதல் 4,000 உயிர்கள் தப்புவதாகச் சொன்னது. எண்ணெய்க்காக வந்த சட்டம் உயிருக்காக நீடித்தது. 1987-இல் ஊர்ப்புற நெடுஞ்சாலைகளில் 65 மைலாகத் தளர்த்தி, 1995-இல் முழுவதும் நீக்கினார்கள். அப்போது எண்ணெய் மலிவாகியிருந்தது.

மேற்கு ஜெர்மனியும் அதே 1973 நவம்பரில் ஆட்டோபானில் 100 கி.மீ. வரம்பு போட்டது. நாலே மாதத்தில் எடுத்துவிட்டது. 130 என்பது அங்கே இன்றுவரை வெறும் பரிந்துரைதான்.

அந்த நெருக்கடிக் காலத்தில் இவான் இல்லிச் என்ற சிந்தனையாளர் வேறொரு வம்பான கணக்கைப் போட்டார். அமெரிக்க ஆண் ஒருவர் காரில் உட்கார்ந்திருக்கும் நேரத்தோடு, அந்தக் காரை வாங்கவும் பெட்ரோல் போடவும் வரி கட்டவும் சம்பாதிக்கச் செலவழித்த நேரத்தையும் கூட்டினார். ஆண்டுக்கு 1,600 மணிக்கு மேல் வந்தது. அதற்கு அவர் போன தூரம் 7,500 மைல். வகுத்தால் மணிக்கு 5 மைல்கூட இல்லை. வேகமாக நடந்தால் எட்டிவிடலாம். இல்லிச் மிகைப்படுத்துகிறார் என்று அப்போதே சொன்னார்கள். இருக்கட்டும், பணத்தை நேரமாக மாற்றிப் பார்க்கும் அந்த முறை எனக்கு வேண்டும்.

மணிக்கு 200 ரூபாய் சம்பாதிப்பவர் தனியாக மதுரைக்குப் போகிறார். 120-இல் போனால் பயணம் 3 மணி 50 நிமிடம். 3,300 ரூபாய் பெட்ரோலுக்கு அவர் உழைக்க வேண்டியது பதினாறரை மணி. மொத்தம் 20 மணி 20 நிமிடம். 100-இல் 18 மணிச் சொச்சம். 80-இல் 17 மணி 15 நிமிடம். 60-இல் மறுபடி 18 மணிக்கு ஏறிவிடுகிறது. அவருக்கு 80-தான் உண்மையான வேகம். அதைத் தாண்டும்போது அவர் மதுரைக்குப் பிந்திப் போகிறார் என்றே சொல்லலாம். மணிக்கு 1,000 ரூபாய் சம்பாதிப்பவருக்கு இதே கணக்கைப் போட்டால் 120 ஜெயித்துவிடும். ஆனால் நாலு பேர் பெட்ரோலைப் பங்கு போட்டுக்கொண்டு போனால், அந்த 780 ரூபாய் தலைக்கு 195 ஆகிவிடும். அப்போது 200 ரூபாய்க்காரருக்கும் 120 கட்டுப்படியாகும் போலத் தோன்றும். அந்தத் தோற்றத்தில் ஒன்றைச் சேர்க்கவில்லை. 80-இல் வண்டியை நிறுத்தப் பிரேக்குக்குத் தேவைப்படும் தூரம் 120-இல் இரண்டேகால் மடங்கு. அதுவும் அதே இருமடிதான். அதற்கு லிட்டர் விலை கிடையாது.

யார் காசு, யார் நேரம் என்பதும் இதில் இருக்கிறது. கிலோமீட்டர் வாடகைக்கு வண்டி ஓட்டுகிறவர் பெட்ரோலைத் தன் கையிலிருந்து போடுகிறார், நேரம் சவாரிக்காரருடையது. "கொஞ்சம் அழுத்துங்கண்ணே, டிரெயினைப் பிடிக்கணும்" என்கிறவருக்கு அந்த அழுத்தல் இலவசம்.

கடலில் இந்தக் கணக்கை உணர்ச்சிவசப்படாமல் போடுகிறார்கள். அங்கே ஓட்டுகிறவருக்கு ஓவர்டேக் ஆசை இல்லை. கப்பலுக்குத் தேவைப்படும் இன்ஜின் சக்தி வேகத்தின் மும்மடியை ஒட்டி ஏறும். வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் சக்தி 27 சதவீதம் குறையும். பயணம் கொஞ்சம் நீள்வதையும் சேர்த்தால் எரிபொருள் 19 சதவீதம் மிச்சம். 2008-இல் எண்ணெய் விலை எகிறி, பிறகு சரக்கும் குறைந்தபோது, 24, 25 நாட் வேகத்தில் ஓடிய கன்டெய்னர் கப்பல்களை 20-க்குக் கீழே இறக்கினார்கள். சரக்கு சில நாள் தாமதமாக வந்தது. யாரும் மறியல் செய்யவில்லை.

மின்சாரக் கார் வந்ததும் இதெல்லாம் பழங்கதையாகும் என்று நினைத்தால், நடந்தது நேரெதிர். பெட்ரோல் இன்ஜின் ஏற்கெனவே முக்கால் பங்கை வீணாக்குவதால், காற்றின் செலவு அந்த வீண் செலவுக்குள் ஒளிந்துகொள்ளும். பேட்டரி வண்டியில் ஒளிய இடமில்லை. எடை கொஞ்சம் கூடுதல், மற்றபடி நம் காரின் அதே உடல் என்று வைத்தால், 100 கி.மீ. போக 80-இல் 13 யூனிட், 100-இல் சுமார் 16.5, 120-இல் 21 யூனிட் செலவாகும். 40 யூனிட் பேட்டரி 80-இல் 300 கி.மீ.க்கு மேல் கொடுக்கும், 120-இல் 190-இல் படுத்துவிடும். டிராஃபிக்கில் நிற்கும்போது ஏசி மட்டும்தான் குடிக்கிறது என்பதால் நகரத்துக்குள் அதற்கு நல்ல பெயர். நெடுஞ்சாலைக்கு வந்ததும், கம்பெனி சொன்ன ரேஞ்ச் எங்கே போச்சு என்று கேட்பார்கள். காற்றில் போச்சு.

நடுவழியில் சார்ஜ் போட வேண்டிய தூரமாக இருந்தால் கணக்கு இன்னும் சுவாரஸ்யம். இங்கே வேகத்துக்குக் கொடுக்கும் விலையும் நேரம்தான். 80-லிருந்து 100-க்கு ஏறினால் ஒவ்வொரு 100 கி.மீ.க்கும் 15 நிமிடம் மிச்சம், மூன்றரை யூனிட் கூடுதல் செலவு. சாலையோரம் 50 கிலோவாட் சார்ஜர் இருந்தால் அந்த மூன்றரை யூனிட்டை நாலு நிமிடத்தில் ஏற்றிவிடலாம். லாபம். 100-லிருந்து 120-க்கு ஏறினால் மிச்சம் 10 நிமிடம், கூடுதல் செலவு நாலரை யூனிட்டை ஒட்டி. 50 கிலோவாட்டில் ஐந்தரை நிமிடம், பாதி லாபம். சார்ஜர் 25 கிலோவாட் என்றால் ஏறத்தாழ பதினொரு நிமிடம், ஒன்றும் மிஞ்சாது. கிடைத்தது ஹோட்டல் வாசலில் இருக்கும் 7 கிலோவாட் சார்ஜர் மட்டும்தான் என்றால், 100-இல் பறந்து வந்தவர் அந்த மூன்றரை யூனிட்டுக்காகக் கூடுதலாக அரை மணி நேரம் பிளக்கை மாட்டிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். 15 நிமிடம் பின்னால் 80-இல் வந்தவர், தன் பங்கை ஏற்றிக்கொண்டு அவருக்கு முன்பே கிளம்பிவிடுவார்.